பேய்க் கதையில் நாம் எங்கே நிற்கிறோம்?

'டிமான்ட்டி காலனி' படம் 2015-இல் வந்தது. 2024-இல் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. சென்னை ஆழ்வார்பேட்டைப் பக்கம் அந்தப் பெயரில் உண்மையாகவே ஒரு தெரு இருப்பதும், அங்கே ராத்திரியில் ஒரு வெள்ளைக்காரர் உலவுகிறார் என்ற பேச்சும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த வெள்ளைக்காரரின் கல்லறை நம் மாவட்டத்தில் இருப்பது சிலருக்குத்தான் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வழியில் கோவளம். அங்குள்ள கார்மேல் மாதா கோயிலை 1808-இல் கட்டியவர் ஜான் டிமான்ட்டி என்ற போர்ச்சுகீசிய வணிகர். 1821-இல் இறந்தார். அந்தக் கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள்.

படம் வந்த பிறகு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, கோவளம் சர்ச்சுல டிமான்ட்டி சமாதி இருக்காமே, ராத்திரி போய்ப் பார்க்கலாமா?"

பகலில் போங்கள் தோழர்களே. ராத்திரி போனால் பேய் பிடிக்காது, வாட்ச்மேன்தான் பிடிப்பார்.

பேய் இருக்கிறதா இல்லையா என்று வழக்காட இதை எழுதவில்லை. அந்த வழக்கைப் பெரியார் எப்போதோ முடித்துவைத்துவிட்டார். பேய் இல்லாவிட்டாலும் பேய்க் கதை இருக்கிறது. அதை யாரோ சொல்கிறார்கள், யாரையோ பார்த்துச் சொல்கிறார்கள். பழைய கோயில்களைச் சுற்றி நம் பகுதியில் உலவும் கதைகளில் நம் சனங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் டிமான்ட்டி. பணக்காரர். சென்னையில் பெரிய மாளிகைகளும் தோட்டங்களும் வைத்திருந்தவர். கடைசியில் சொத்துகளைத் திருச்சபைக்கு எழுதிவைத்தார். இன்று அவருக்கு ஒரு கல்லறை, ஒரு தெரு, இரண்டு சினிமா. செத்து 200 வருடம் ஆகியும் பெயர் அழியவில்லை. சரி, அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தது யார்? இந்தக் கரையில் பழைய கட்டடங்கள் எல்லாம் சுண்ணாம்புக் காரையில் எழும்பியவை. கிளிஞ்சல் பொறுக்க வேண்டும், சூளையில் சுட வேண்டும், நாள்கணக்கில் அரைக்க வேண்டும். 1808-இல் செங்கல்பட்டுச் சீமையில் அந்த மாதிரி வேலை யார் தலையில் விழுந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடிமை முறையைச் சட்டம் கைவிட்டதே 1843-இல்தான். சுண்ணாம்புச் சூளையில் வெந்துபோன ஒருத்தரின் ஆவி கோவளத்தில் உலவுவதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. செத்த பிறகு பேயாக வருவதற்குக்கூட ஒரு விலாசம் தேவைப்படுகிறது போலிருக்கிறது.

இன்று அந்தக் கோயில் மீனவ மக்களின் கோயில். ஜூலை 16 கார்மேல் மாதா திருநாள். கழுத்தில் உத்தரியம் போட்டுக்கொண்டு செத்தால், உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பிலிருந்து மாதா தூக்கிவிடுவாள் என்பது பழைய கத்தோலிக்க நம்பிக்கை. வேகிற ஆன்மாக்களுக்காகவே இருக்கும் மாதாவின் கோயிலில், வெந்தவர்களின் பெயர் மட்டும் எழுதப்படவில்லை.

அப்படியே தெற்கே போங்கள். மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். அங்கே டச்சுக்காரர்களின் கோட்டை இருக்கிறது, இப்போது தொல்லியல் துறையின் கையில். கோட்டைக்குள் 17, 18-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். கல்லில் மண்டை ஓடும் எலும்பும் செதுக்கியிருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அந்த மண்டை ஓட்டைப் பார்த்ததும் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொள்ளும். "ரத்தம் குடிக்கிற பேய் சார்" என்பான் ஒருவன். அது ஐரோப்பாவில் அந்தக் காலத்துக் கல்லறை வழக்கம். 'நீயும் ஒருநாள் சாவாய்' என்று பார்ப்பவருக்கு நினைவூட்டத்தான் மண்டை ஓடு செதுக்கினார்கள். பிள்ளைகளிடம் அதைச் சொல்வேன். கூடவே இன்னொன்றும் சொல்வேன். அதே டச்சுக் கம்பெனி 17-ஆம் நூற்றாண்டில் இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து, பஞ்ச காலத்தில் விற்கப்பட்ட மனிதர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றியது. பழவேற்காடு அதற்கு முக்கியமான துறைமுகம். பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களுக்குக் கல்லறை எங்கே? பயப்பட வேண்டிய இடம் மண்டை ஓடா, கணக்குப் புத்தகமா? ஒரு தடவை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அப்போ அவங்க பேய் எங்க சார் போவும், கடல்லயா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

கோயில் என்றால் மாதா கோயில் மட்டும் இல்லை. மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் கதை தெரியும்தானே? 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லயோனல் பிளேஸ் என்ற கம்பெனிக் கலெக்டர், அடைமழையில் ஏரி உடையப் போகிறது என்று ராத்திரியில் கரைக்குப் போனார். அங்கே வில்லும் கையுமாக இரண்டு பேர் கரையைக் காத்து நின்றதைப் பார்த்தார். ராமரும் லட்சுமணரும்தான் அது என்று நம்பி, தாயார் சன்னதியைக் கட்டிக்கொடுத்தார். இதுதான் கதை.

இதை எங்கள் பக்கத்து வெட்டியான், தோட்டி, நீர்க்கட்டி குடும்பத்துப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். அடைமழையில், நடுராத்திரியில், ஏரிக்கரையில் நிற்கிற ஆள் யார்? மடை திறப்பதும் கரை உடைந்தால் மண் கொட்டுவதும் ஊரை எழுப்பத் தமுக்கு அடிப்பதும் வடதமிழகத்தின் எத்தனையோ ஊர்களில் சேரி ஆள்களின் வேலை. கலெக்டர் துரை இருட்டில் இரண்டு உருவத்தைப் பார்த்திருந்தால், அது கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற நம் ஆள்களாக இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பார்த்த கண்ணுக்கு அவர்கள் மனிதராகத் தெரிந்திருந்தால் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். தெய்வமாகத் தெரிந்ததால் சன்னதியோடு போயிற்று.

இனி என் ஊருக்கு வருகிறேன். செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளடங்கிய ஒரு கத்தோலிக்கப் பங்கு. பெயர் வேண்டாம். இந்த மாதிரி ஊர் ஒன்றிரண்டு இல்லை. ஊர்த் தெருவில் கோயில். கோயிலுக்குப் பின்னால் புளியந்தோப்பு. தோப்புக்குப் பின்னால் கல்லறை. கல்லறைக்கு நடுவில் இடுப்பளவு சுவர். சுவருக்கு அந்தப்புறம் ஊர், இந்தப்புறம் நாங்கள்.

எங்கள் ஊர்ப் பேய் ஒரு வெள்ளைச் சாமியார். செத்தவர்களுக்குப் பூசை வைக்கிறேன் என்று காணிக்கை வாங்கிக்கொண்டு, வைக்காமலேயே செத்துப்போனவர். அதனால் ஆன்மா கரையேறவில்லை. நடுச்சாமத்தில் கோயிலில் லாந்தர் வெளிச்சம் தெரியும். பீடத்தில் நின்று லத்தீனில் பூசையைத் தொடங்குவார். அந்தக் காலத்துப் பூசையில் சாமியார் ஒன்று சொன்னால், பீடத்தில் உதவும் பையன் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல ஆள் இல்லாமல் பூசை பாதியில் நிற்கும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். விடியும்வரை இதேதான்.

பெரியவன் ஆன பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இதே கதை அயர்லாந்திலும் உண்டு, பிரான்சிலும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சென்னைக்கு அயர்லாந்து நாட்டுக் குருக்கள் வந்து வேலை செய்திருக்கிறார்கள். கதையும் அவர்களோடு கப்பலில் வந்து இறங்கியிருக்கலாம். இறங்கிய கதை எங்கள் ஊரில் இரண்டாகப் பிரிந்தது.

ஊர்த் தெருவில் சொல்லும் கதை இப்படி: சாமியார் பேய் பொல்லாதது. ராத்திரியில் யாராவது தோப்புக்குள் வந்தால் அறைந்துவிடும். அதிலும் 'தீட்டோடு' வந்தவர்களை விடவே விடாது. எவனோ ஒரு சேரிப் பையன் புளியம்பழம் பொறுக்கப் போய் ரத்தம் கக்கிச் செத்தானாம். எந்த வருடம், யார் வீட்டுப் பையன் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. புளியந்தோப்பின் குத்தகை யாரிடம் இருந்தது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் தெருவில் என் ஆயா சொன்ன கதை வேறு. என் தாத்தாதான் ஊருக்குக் குழி வெட்டுகிறவர். சுவருக்கு இரண்டு பக்கமும் அவர்தான் வெட்ட வேண்டும். உயிரோடு இருக்கும்போது அந்தப்பக்கம் போகக் கூடாது, அந்தப்பக்கத்தார் செத்தால் மட்டும் போகலாம். அவருடைய தாத்தாவும் அதே வேலைதான். ஒரு மழை ராத்திரி, விடிகாலை அடக்கத்துக்காகக் குழி வெட்டிவிட்டு, நனையாமல் இருக்கக் கோயில் தாழ்வாரத்தில் அந்தக் கிழவர் ஒண்டியிருக்கிறார். உள்ளே லாந்தர் வெளிச்சம். சாமியார் திரும்பிப் பார்க்கிறார். "பதில் சொல்லு" என்கிறார்.

ஆயா இந்த இடத்தில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கிழவரின் குரலில் பேசுவாள்: "சாமீ, நீ உசுரோட இருந்தப்ப கிராதிக்கு அந்தாண்ட நில்லுன்ன. எம் புள்ளைய பூசைக்கு ஒத்தாச பண்ண உட்டியா? இப்ப இன்னாத்துக்கு என்னெக் கூப்புடற? நான் லத்தீனுக்கு எங்க போவேன்?"

சாமியார் அழுதாராம். தெரிந்ததைச் சொல் என்றாராம். கிழவருக்குத் தெரிந்தது சாவுக்குப் பாடும் பாட்டுதான். அதைப் பாடினார். பூசை முடிந்தது. அன்றோடு லாந்தர் வெளிச்சமும் நின்றுபோயிற்று.

"அப்போ இப்ப பேய் இல்லியா ஆயா?" என்று கேட்பேன்.

"அந்தப் பேய்தான் அன்னிக்கே கரையேறிடுச்சே. சொவுருதான் கண்ணு நிக்குது."

ஒரே பேய். ஊர்க் கதையில் அது நம்மை விரட்டும் காவல்காரன். நம் கதையில் அது நம்மிடம் கையேந்தி நிற்கும் கடன்காரன். ஊர்க் கதை ஒரு தோப்பைக் காத்தது. ஆயாவின் கதை, பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கத் தகுதி யாருக்கு என்ற கேள்வியைப் பிள்ளைகளின் காதில் போட்டுவைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி செய்த அரசியல் வகுப்பு அது.

நம் சனங்களுக்கு இது புதுசும் இல்லை. மதுரை வீரனும் காத்தவராயனும் சாதியைத் தாண்டியதால் கொல்லப்பட்டவர்கள். கொன்றவர்களைப் பேயாகப் பார்த்துப் பயப்படாமல், கொல்லப்பட்டவர்களைச் சாமியாகப் பார்த்துக் கும்பிட்டது நம் மரபு. கிறிஸ்தவத்துக்கு வந்த தெருக்களில் கூத்தும் படையலும் குறைந்துபோயின. அந்த நினைவு பேய்க் கதைக்குள் புகுந்துகொண்டது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது அந்தச் சுவருக்கு வருவோம். எங்கள் ஊர்ச் சுவர் தனிச் சுவர் இல்லை. வடக்கன்குளத்தில் கோயிலையே இரண்டு காலாகக் கட்டினார்கள். இரு சாதிக் கூட்டமும் ஒரே பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம் என்று ஏற்பாடு. 1910-இல் கௌசானல் அடிகளார் நடுவிலிருந்த தடுப்பை இடித்தபோது, திரும்பக் கட்டிக்கொடு என்று மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் முடியாது என்றது. ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் சாதிச் சுவருக்காக இந்த நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய சட்டப் பகுதி ஒன்று இங்கே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொது இடுகாட்டையோ சுடுகாட்டையோ மற்றவர்களோடு சமமாகப் பயன்படுத்த விடாமல் பட்டியல் சாதியினரைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. நல்ல சட்டம். ஆனால் 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2025-இல் ஆந்திர உயர் நீதிமன்றம், கிறிஸ்தவப் போதகர் ஒருவர் தொடுத்த வழக்கில் வன்கொடுமைச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்றது. ஆக, சுவருக்கு இந்தப்புறம் புதைக்கப்படும் கிறிஸ்தவருக்கு அந்தச் சட்டம் கைகொடுக்காது. சாதி பார்த்துத்தான் தனியே புதைக்கிறார்கள். வழக்குப் போடப் போனால் உனக்குச் சாதியே இல்லை என்கிறார்கள்.

அதனால்தான் நம்மில் பாதிப் பேருக்கு ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர். கோயிலில் இருப்பவர் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அரசாங்கத்தில் இருப்பவர் கோயிலில் வாய் திறப்பதில்லை. ஆவி என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் இவர்களைச் சொல்லலாம்.

வழியே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். நாம் பி.சி.ஆர். சட்டம் என்று சொல்லும் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு, தீண்டாமையின் பேரால் இடுகாட்டை மறுப்பதையும் தண்டனைக்குரியதாக வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தபோதும் எந்த மதத்தின் தீண்டாமை என்று பிரித்துச் சொல்லவில்லை. வழக்கறிஞராகப் போகிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது நம் மாவட்டத்தில் இரண்டு பெயரை விட்டுவிட்டுப் பேச முடியாது. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்கீர் 1891-இல் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் வந்தது. 1892-இல் அரசாணை. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நாம் எல்லா மேடையிலும் சொல்லும் கணக்கு. நூறு வருடத்தில் அதில் பெரும்பகுதி கைமாறிப்போனது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தை மீட்க இறங்கினார்கள். அங்கே வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ஒரு பெயர் வேதத்துப் பெயர், ஒரு பெயர் மலைச்சாமி பெயர். மூன்றாம் பத்தியைப் படித்துவிட்டுத் துப்பாக்கி சுடவில்லை.

ஒவ்வோர் அக்டோபர் 10-ம் தோழர்கள் அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்துகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனைப்பிரிவு விளம்பரப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போகும்போது, இதில் எத்தனை பலகை பஞ்சமி நிலத்தில் நிற்கிறது என்று யோசிப்பேன். டிமான்ட்டியைத் தேடி அதே சாலையில் பைக்கில் போகும் பையன்களுக்குக் காரணை எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்று தெரியாது. தெரியவைப்பது நம் வேலை.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவின் பேய்க் கதைகளைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். மாதா கோயிலோ மாரியம்மன் கோயிலோ தர்காவோ, எதைச் சுற்றிய கதையானாலும் சரி. ஊரில் சொல்வதையும் சேரியில் சொல்வதையும் தனித்தனியாக எடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது. பேய் இருப்பதாகச் சொல்லும் இடம் யாருடைய அனுபவத்தில் இருக்கிறது, பட்டாவில் யார் பெயர், 'அ' பதிவேட்டில் என்ன வகை என்று பாருங்கள். தாலுகா அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பெறலாம். குழி வெட்டுகிறவரிடமும் பறை அடிக்கிறவரிடமும் கடைசியாக இல்லாமல் முதலில் போய் உட்காருங்கள். ராத்திரியில் கல்லறைக்குப் போய்வந்த ஆள்கள் அவர்கள்தான். பேயைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தச் சினிமாக்காரருக்கும் தெரியாது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். எங்கள் ஊரில் அன்று சாயங்காலம் சுவருக்கு இரண்டு பக்கமும் மெழுகுவத்தி எரியும். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு அந்தப்பக்கம் தொடங்கி இந்தப்பக்கம் முடிப்பார். போன வருடம் எங்கள் தெருப் பெண் பிள்ளைகள் ஒரு காரியம் செய்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை, கோஷம் போடவில்லை. சுவரின் மேலேயே, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, வரிசையாக மெழுகுவத்தி ஏற்றிவைத்தார்கள். அந்தப்பக்கத்துச் சின்னப் பிள்ளைகள் சிலரும் ஓடிவந்து ஏற்றினார்கள். பெரியவர்கள் கூப்பிட்டதும் போய்விட்டார்கள்.

இந்த வருடம் பங்குப் பேரவையில் சுவரை எடுக்கச் சொல்லி மனுக் கொடுக்கப்போகிறோம். கையெழுத்து வாங்கும் வேலை நடக்கிறது. முதல் கையெழுத்து குழி வெட்டும் குடும்பத்தினுடையது.